பைப் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: பெங்களூரு காக்ஸ் டவுனில் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். எங்கள் சேவைச் சங்கத்தில் வரும் ஜூலை 1 முதல் நான் செகரட்டரி. சங்கத்துக்கு அன்றுதான் புது வருஷம். அதன் முதல் வேலையாக, எங்கள் ஏரியா பூங்காவின் கம்பி வேலியோரம் நாற்பது அடி நீளத்துக்குத் தேனீயும் பட்டாம்பூச்சியும் வருகிற மாதிரி பூப்பாத்தி போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர், “குழந்தைகள் விளையாடும் இடத்துக்குத் தேனீயை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதா?” என்கிறார். பொருளாளர், “நர்சரியில் மொத்தமாக வாங்கி ஒரே நாளில் நட்டு முடித்துவிடலாம்” என்கிறார். நான் என்ன பேசட்டும்?
– ஒரு வாசகர், ஜீவன்பீமா நகர்

பதில்: தம்பி, பத்து நிமிடம் தாராளமாகப் போதும். அதில் பாதியைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நானும் ஒரு சேவைச் சங்கத்தில் பதினெட்டு வருஷமாக உறுப்பினர். 2023 ஆகஸ்டில் எங்கள் சங்கமும் ஒரு பூங்காவில் முப்பது அடிப் பாத்தி போட்டது. செடி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பெட்டூனியா, பந்து மாதிரி இருக்கிற ஹைப்ரிட் செண்டுமல்லி, சிவப்பு சால்வியா என்று கண்ணுக்கு நிறைவாக வாங்கி வந்தேன். பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. ரிப்பன் கட்டினோம், படம் எடுத்தோம், எல்லோரும் பனியனில் மண் ஒட்ட சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். தீபாவளி வரைக்கும் பூ இருந்தது. 2024 மார்ச்சில் நம் ஊருக்கு வந்த தண்ணீர்ப் பஞ்சம் உங்களுக்கும் மறந்திருக்காது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அந்த மாதக் கடைசியில் பாத்தியில் குச்சிகள்தான் நின்றன.

பூங்காவில் வேலை செய்யும் அம்மா திருப்பத்தூர்ப் பக்கம். காய்ந்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “பூவெல்லாம் வெச்சிட்டுப் போயிட்டீங்க டீச்சர். பைப்பு எங்க இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலையே.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆறு மாதம் தூரத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றியவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. அந்த ஆறு மாதத்தில் பாத்தியில் தேனீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முப்பத்தொரு வருஷம் மகரந்தச் சேர்க்கை பாடம் நடத்தியவள் நான். ஆனால் பூ வாங்கும்போது என் கண்ணை மட்டும்தான் கேட்டேன். யாருக்காகப் பாத்தி போடுகிறோமோ அவர்களுடைய வாயைக் கேட்கவில்லை.

அதனால் அடுத்த முறை, 2024 மே மாதக் கூட்டத்தில், புரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு டிபன் தட்டு எடுத்துப் போனேன். தட்டில் மூன்று பொருள்: ஒரு ஹைப்ரிட் செண்டுமல்லி, ஓர் ஒற்றை அடுக்கு செண்டுமல்லி, ஒரு வெள்ளரிக்காய். கூடவே ஒரு பூதக்கண்ணாடி. மேஜையைச் சுற்றி அனுப்பினேன். நீங்களும் இதையே செய்யுங்கள். படம் போட்டுக் காட்டுவதைவிட, கையில் வாங்கிப் பார்த்தது மனதில் நிற்கும்.

ஒற்றைச் செண்டுமல்லியில் ஓரத்து இதழ்களை விட்டுவிட்டு நடுப்பொட்டைப் பாருங்கள். அது ஒரு பூ இல்லை, குட்டிக் குட்டிக் குழாய்ப் பூக்களின் கூட்டம். வெளிவட்டத்தில் இருப்பவை முதலில் திறக்கும், அப்புறம் நாளுக்கு நாள் உள்ளே உள்ளே திறந்துகொண்டு போகும். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு துளி தேன், வாயில் மகரந்தம். தேனீ அந்தப் பொட்டின் மேல் நடந்து நடந்து ஒவ்வொன்றாக நாக்கை விட்டுப் பார்க்கும். ஹைப்ரிட் பந்தை எடுத்துப் பிரியுங்கள்: இதழ், இதழுக்குள் இதழ், அதற்குள்ளும் இதழ். அழகுக்காக அந்தக் குழாய்ப் பூக்களையெல்லாம் இதழாக மாற்றிவிட்டார்கள். தேனீக்கு அது இலை மட்டும் போட்டுச் சோறு வைக்காத பந்தி.

வெள்ளரிக்காய் எதற்கு? ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப்போன காயாகப் பார்த்து எடுங்கள். மார்க்கெட்டில் கழித்துப் போட்ட குவியலில் கிடைக்கும். குறுக்கே வெட்டினால், பருத்த பக்கம் விதை நன்றாகத் திரண்டிருக்கும், சூம்பிய பக்கம் விதை வெறும் தோலாக இருக்கும். பெண் பூவுக்கு வேண்டிய மகரந்தத்தைத் தேனீக்கள் முழுசாகக் கொண்டு சேர்க்காவிட்டால் காய் இப்படிக் கோணிக்கொள்ளும். எங்கள் சங்கத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் இருக்கிறார். அதுவரை பேசாமல் இருந்தவர் அந்த வெள்ளரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைத்தான் இத்தனை வருஷமா தண்ணி பத்தலைன்னு சொல்லி விலையைக் குறைச்சேன்” என்றார். அவர்தான் இன்றைக்கு எங்கள் பாத்திக்கு முதல் ஆள்.

இனி உங்கள் மூத்த உறுப்பினருக்கு. அவர் பயம் நியாயமானது, அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். பூவில் இருக்கும் தேனீயும் கூட்டில் இருக்கும் தேனீயும் ஒரே குணம் காட்டுவதில்லை. கூட்டைக் காக்கும்போதுதான் அது கூட்டமாகப் பாயும். பூவுக்கு வந்தது தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போகும். கையால் அமுக்கினாலோ வெறுங்காலால் மிதித்தாலோதான் கொட்டும். ஆகவே ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும் பக்கத்திலிருந்து பாத்தியைப் பத்துப் பதினைந்தடி தள்ளிப் போடுங்கள். நடைபாதைக்கும் பாத்திக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள். தேன்பெட்டி வைக்கலாமா என்று யாராவது ஆர்வத்தில் கேட்பார்கள், பூங்காவில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: நம் ஊரில் பூவுக்கு வருவதில் நிறைய கொசுத்தேனீ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பூச்சி, அதற்குக் கொடுக்கே இல்லை.

ஆனாலும் கொட்டவே கொட்டாது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுத்துவிட்டு ஐஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. இதை ஒரு போர்டில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள்.

பொருளாளருக்கு: ஒரே நாளில் நடலாம், ஒரே நாளில் முடியாது. எங்கள் இரண்டாவது பாத்திக்குச் செடிச் செலவு ஆறாயிரம்தான். பாதிக்கு மேல் உறுப்பினர்களின் வீட்டிலிருந்து வந்த விதையும் குச்சியும். மிச்சப்பட்டதில் அந்த அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறோம், சங்கத்தின் கணக்கில் அதற்குத் தனித் தலைப்பே இருக்கிறது. தண்ணீர், பக்கத்து அபார்ட்மெண்டில் சுத்திகரித்துக் கிடைக்கும் கழிவுநீர். அவர்களும் அதை எங்கே விடுவது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள், எழுதிக் கேட்டதும் குழாய் இழுக்கச் சம்மதித்தார்கள். நாங்கள் இருபத்திரண்டு பேர். வாரத்துக்கு இரண்டு பேர் என்று பிரித்தால் பதினோரு வாரத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்கு முறை வரும். கூட்டத்தில் மணி அடித்ததும் முதலில் படிப்பது “இந்த வாரம் தண்ணீர் யார்?” என்பதைத்தான்.

நடும் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 20 உலகத் தேனீ தினம் என்று 2017-ல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அடுத்த வருஷம் அன்றைக்கு நடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நம் ஊரில் மே கடைசி வரை மழையை நம்ப முடியாது. அன்றைக்குத் தட்டில் விதை போடுங்கள். ஜூன் நடுவில் நாற்றை எடுத்து நட்டால், செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற நம்முடைய பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். இந்த வருஷத்துக்கு ஜூலை முதல் வாரம்கூடத் தாமதம் இல்லை. ஆனால் பதவியேற்பு விழா அன்றே நட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், இரண்டு மழை பார்த்துவிட்டு நடுங்கள்.

என்ன நடுவது? இதில் எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் இடம் துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும். வீட்டுத் துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுவோம் இல்லையா, பாத்தியில் கிள்ளாதீர்கள். அந்தக் கதிரில்தான் தேனீக்குச் சாப்பாடு. அடுத்து தும்பை. சங்க காலத்தில் போருக்குப் போகிறவர்கள் சூடிய பூ, இன்று காலி மனையில் களை என்று மருந்தடித்துக் கொல்கிறோம். நாமெல்லாம் சின்ன வயதில் பறித்து உறிஞ்சிய தேன்தான், தேனீயும் பட்டாம்பூச்சியும் அதற்குத்தான் வருகின்றன. விதையை யாரும் விற்பதில்லை, காலி மனையில் காய்ந்த செடியை உதறினால் கை நிறையக் கிடைக்கும். பின்வரிசைக்கு ஆவாரை. ஒருமுறை பிடித்துவிட்டால் வெயிலுக்கு அசையாது, பெரிய கருவண்டு ஒன்று வந்து ‘ர்ர்ர்’ என்று அதிர வைத்து மகரந்தத்தை உதிர்ப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம். மஞ்சள், வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் சில ஆவாரையில் முட்டையிடும், இலை அரிபட்டால் பதறாதீர்கள். இடைவெளியில் காஸ்மாஸ், ஒற்றைச் செண்டுமல்லி, கனகாம்பரம்.

கிலுகிலுப்பைச் செடியும் இரண்டு வையுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் நீலவரிப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே வரும், மழை மாறும்போது திரும்பும். நம் ஊர் வழியாகவும் போகும். அதில் ஆண்கள் கிலுகிலுப்பையைக் கண்டால் விடாது, காய்ந்த தண்டைக்கூட உறிஞ்சும். அவற்றுக்கு வேண்டிய ஒரு ரசாயனம் அதில் இருக்கிறது. ஆனால் கிலுகிலுப்பை விதை விஷம். குழந்தைகள் காயை ஆட்டி விளையாட ஆசைப்படுவார்கள், அதனால் கைக்கு எட்டாத பின்வரிசையில் மட்டும்.

லால்பாக் தாவரவியல் பூங்காவை 1908-லிருந்து கவனித்துக்கொண்ட ஜெர்மானியர் கிரும்பிகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி இந்த நகரத்தின் சாலை மரங்களைத் திட்டமிட்டார் என்று சொல்வார்கள். அதே கணக்கைப் பாத்திக்கும் போடுங்கள். பன்னிரண்டு மாதத்தைத் தாளில் எழுதி, எந்த மாதம் எது பூக்கும் என்று நிரப்புங்கள். ஏப்ரலில் புங்கை மரம் பூத்துத் தேனீக்களை அதுவே பார்த்துக்கொள்ளும், கீழே நின்றால் மரமே முனகுவது போல இருக்கும். புங்கை ஓய்ந்த பிறகு, மழைக்கு முந்திய வறண்ட வாரங்கள்தான் கஷ்ட காலம். அந்த வாரங்களுக்குத் துளசியும் ஆவாரையும் இருக்க வேண்டும், அதற்குத்தான் தண்ணீர் முறை.

செடியை விலைக்கு வாங்கினால் ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள். லால்பாக் பக்கம் சித்தாபுரத்தில் வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன, நானும் அங்கேதான் போவேன். “வேரில் என்ன மருந்து ஊற்றினீர்கள்?” என்று கேளுங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி பூச்சிமருந்து வேர் வழியாக ஏறித் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்விடும். திறந்தவெளியில் அதையும் அதே வகையில் இன்னும் இரண்டையும் பயன்படுத்த 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டதே தேனீக்களுக்காகத்தான். அந்தச் செடியைக் கொண்டுவந்து தேனீக்கு விருந்து வைப்பது நம் கையால் விஷம் வைப்பதுதான்.

அப்புறம் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி வெறும் மண்ணை அப்படியே விடுங்கள். புல்லும் வேண்டாம், ஓடும் வேண்டாம். உலகத்துத் தேனீ வகைகளில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழ்பவை. பூங்காவைச் சுத்தம் செய்கிறோம் என்று மூலை முடுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டும்போது அவற்றின் வீடு போகிறது. ஒரு மண் தட்டில் கூழாங்கல் போட்டுக் கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வைத்தால், உட்கார்ந்து குடிக்கும்.

அனுமதி விஷயம்: 2025 செப்டம்பரில் நம் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்துவிட்டது. உங்கள் பூங்கா எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, அங்குள்ள தோட்டக்கலைப் பிரிவுக்குச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதுங்கள். ‘மருந்து அடிப்பதற்கு முன் எங்களிடம் சொல்லவும், களை எடுப்பதை நாங்களே செய்கிறோம்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். எங்கள் தும்பையை ஒருமுறை புல்வெட்டி மிஷின் வழித்துக்கொண்டு போய்விட்டது. வெட்டியவர் மேல் தப்பில்லை, நாங்கள் சொல்லி வைக்கவில்லை.

சங்கத்தில் யாராவது இது நம் வேலையா என்று கேட்டால், ரோட்டரி 2021 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழலைத் தன் முக்கியப் பணிகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பதையும், லயன்ஸ் சங்கங்களும் அதை எடுத்துக்கொண்டிருப்பதையும் சொல்லுங்கள். ஆனால் அதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் வெள்ளரிக்காய்.

கேள்வி: டீச்சர், எங்கள் அபார்ட்மெண்ட் ஒன்பதாவது மாடி சன்ஷேடுக்குக் கீழே பெரிய தேன்கூடு கட்டியிருக்கிறது. அசோசியேஷனில் இன்று ராத்திரியே ஆள் வைத்து மருந்தடிக்கப் போகிறார்களாம். தடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, ஃப்ரேசர் டவுன்

பதில்: அது மலைத்தேனீ. கோபக்காரத் தேனீதான், அதை மறைக்க மாட்டேன். கல்லெறிந்தால், புகை போட்டால், பட்டாசு வெடித்தால் துரத்தும். ஆனால் ஒரே இடத்தில் வருஷம் முழுக்க இருக்காது, பூ குறைந்ததும் சில மாதத்தில் தானாகவே ஊர் மாறிவிடும். உங்கள் அசோசியேஷனிடம் முதலில் கேட்க வேண்டியது: கூடு ஆள் நடமாட்டத்திலிருந்து எவ்வளவு தூரம்? யாரும் திறக்காத சன்ஷேடு என்றால் விட்டுவிடலாம். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இரவில் பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள். மலைத்தேனீ ராத்திரி வெளிச்சத்துக்கு வரும். வீட்டுக்குள் வந்து கொட்டுவது பெரும்பாலும் இந்த விளக்கால்தான்.

குழந்தைகள் விளையாடும் பால்கனிக்கு மேலே என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் மருந்து வேண்டாம். உயிரோடு கலைத்து அனுப்பத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்கென்றே துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். மருந்தடித்த மறுநாள் காலையில் கீழே பெருக்கி அள்ளுவதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கெட். இன்று ராத்திரியை மட்டும் எப்படியாவது தள்ளிப் போட வையுங்கள் அம்மா.

கேள்வி: ரோஜா இலையில் யாரோ கத்தரியால் வெட்டினாற்போல வட்டம் வட்டமாகக் காணாமல் போகிறது. புழுவும் இல்லை. எந்த மருந்து?
– ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: மருந்தே வேண்டாம். இலைவெட்டித் தேனீ. அந்தத் துண்டைச் சுருட்டி, மூங்கில் துளையிலோ சுவர் ஓட்டையிலோ சின்ன அறையாக்கி, மகரந்தத்தை நிரப்பி முட்டையிடும். ரோஜா சாகாது.

கேள்வி: அக்கா, மாடியில் தக்காளி, கத்தரி நன்றாகப் பூக்கிறது, பூ உதிர்ந்துவிடுகிறது. தேன்பெட்டி வைத்தால் காய்க்குமா?
– ஒரு வாசகி, விவேக்நகர்

பதில்: காய்க்காது தங்கை. தக்காளிப் பூவின் நடுவில் மஞ்சள் கூம்பு இருக்கிறதே, மகரந்தம் அதற்குள்ளே அடைபட்டிருக்கிறது, உப்பு டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்தக் குலுக்கல் தெரியாது. கருவண்டுக்குத் தெரியும், நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் நீல வளையம் வளையமாக, பூ முன்னால் அந்தரத்தில் நிற்குமே, அதுதான். அதை வரவழைக்க இரண்டு தொட்டி துளசி வையுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காய்ந்த குச்சிகளைக் கவனியுங்கள். ஆண் தேனீக்கள் குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். அந்தக் குச்சியை வெட்டிவிடாதீர்கள்.

அதுவரைக்கும், காலை பத்து மணி வாக்கில் பூக்கொத்தின் காம்பை விரலால் நாலு தட்டு. பேட்டரி பல்விளக்கும் பிரஷ் இருந்தால் அதன் பின்பக்கத்தைக் காம்பில் ஒரு நொடி வையுங்கள், இன்னும் நல்லது. கடும் வெயில் காலத்திலும் பூ உதிரும், அதற்கு நிழல்வலைதான்.

கேள்வி: பூங்காவில் வண்ணத்துப்பூச்சிக்காக உன்னிப்பூ நடலாமா? எங்கள் வீட்டு வேலியில் எப்போதும் மொய்க்கிறது.
– ஒரு வாசகர், ஹலசூரு

பதில்: மொய்ப்பது உண்மைதான். ஆனாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. பழத்தைப் பறவை தின்று காட்டுக்குள் விதைத்து, பந்திப்பூரிலும் மாதேஸ்வரன் மலையிலும் புல் முளைக்க இடமில்லாமல் புதராகிவிட்டது. மாதேஸ்வரன் மலையில் சோலிகப் பழங்குடி மக்கள் உன்னிக்குச்சியை வெட்டி நாற்காலி, சோபா செய்து விற்கிறார்கள், வாங்க முடிந்தால் வாங்குங்கள். பூங்காவில் அதே அளவு கூட்டம் வர, இட்லிப்பூவும் தும்பையும் வையுங்கள். புல்தரையில் தானாக முளைக்கும் தாத்தாப்பூவையும் பிடுங்காமல் விடுங்கள். ஒரு செடியில் பத்து வெள்ளைப் பூ, பத்திலும் பட்டாம்பூச்சி.

கேள்வி: என் மனைவி ஆசையாக வளர்க்கும் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனால் சிவப்பாகக் கொம்பு நீட்டி நாற்றம் அடித்தது! என்ன அது?
– ஒரு வாசகர், அல்சூர் ஏரி அருகில்

பதில்: நீங்கள் பார்த்தது பட்டாம்பூச்சியின் குட்டிப் புழு. எச்சம் மாதிரி வேஷம் போட்டுக் காக்கையிடமிருந்து தப்பிக்கிறது, கொம்பு நீட்டி உங்களைப் பயமுறுத்தியது. வளர்ந்ததும் பச்சையாகும். அப்புறம் கூட்டுப்புழுவாகிக் கொஞ்ச நாளில், கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசை வைத்த பெரிய பட்டாம்பூச்சியாக வெளியே வரும். உங்கள் மனைவியிடம் ரசத்துக்கு மேல்கிளையில் பறிக்கச் சொல்லுங்கள், கீழ்க்கிளை இரண்டு அதற்கு இருக்கட்டும். கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும்.

கேள்வி: டீச்சர், நான் ஆறாம் வகுப்பு. உங்கள் பூங்காவுக்கு எங்கள் ஸ்கூலில் இருந்து கூட்டிப் போனார்கள். தேனீயின் காலில் மூட்டை மாதிரி இருந்தது. அது என்ன?
– ஒரு மாணவி, மர்பி டவுன்

பதில்: நன்றாகப் பார்த்திருக்கிறாய் கண்ணு. கூட வந்த நிறைய பேர் அதைக் கவனிக்கவே இல்லை.

தேனீ பூவில் புரளும்போது மகரந்தப் பொடி அதன் உடம்பு முடியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். அது பறந்துகொண்டே, நீ தலை வாருவது மாதிரி, காலால் உடம்பை வாரி, பொடியைக் கொஞ்சம் தேன் தொட்டுப் பிசைந்து, பின்னங்காலில் இருக்கிற குழியில் உருண்டையாக ஒட்டிவைக்கும். கூட்டில் இருக்கிற குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. வாரும்போது விட்டுப்போன பொடிதான் அடுத்த பூவில் விழுந்து விதையாகிறது.

உருண்டையின் நிறம் எந்தப் பூவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும். மஞ்சள் இருக்கும், வெள்ளை இருக்கும், ஆரஞ்சு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதே பூங்காவுக்கு வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வா. கயிற்றுக்கு வெளியே நின்று, துளசிக்கு முன்னால் பத்து நிமிடம் அசையாமல் பார். செருப்பு போட்டுக்கொண்டு வா. எத்தனை தேனீ வந்தது, எதன் காலில் என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுது. பாத்தி ஓரத்தில் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நீல நோட்டு கட்டியிருக்கிறோம், அதில் உன் தாளைச் செருகிவிட்டுப் போ. இந்த வாரத் தண்ணீர் முறை என்னுடையது, நான் எடுத்துப் படிக்கிறேன்.